பெருக்கக் கூடாத மூலை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? சலவைக்கடையில் துணி மலைபோல் குவிந்திருந்தது. "அக்கா வீட்டுக்குப் போனவ அங்கேயே குடியேறிட்டியோன்னு நெனச்சேன்" என்று முதலாளியம்மா சிரித்தார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஏழு மாத வயிற்றோடு நீ குனிய வேண்டாமே என்று, நீங்கள் எல்லோரும் வழிபாட்டுக்குப் போயிருந்தபோது வீட்டைப் பெருக்கினேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலையில் எத்தனை வருடக் குப்பை! முடியும் நூலும் உடைந்த சீப்புமாக. அதையும் அள்ளிக் கொட்டிவிட்டேன். உன் மாமியார் மெச்சினாரா?

உன் தங்கை,
சுண்டு

ஜூன் 11

அன்புச் சுண்டுவுக்கு,

அது குப்பை இல்லையடி. உன்னிடம் சொல்லி வைக்காதது என் தப்பு.

இவர்கள் மதத்தில், உலகத்துக்கு முன்னால் கலைவு, அதாவது ஒழுங்கில்லாத குழப்பம், மட்டும்தான் இருந்ததாம். அதன்மேல்தான் கடவுள் எல்லாவற்றையும் அடுக்கினாராம். கலைவு கெட்டது இல்லை. தங்க இடமில்லாமல் அலைகிற கலைவுதான் தீமை. அதனால் வீட்டுக்கு வீடு அது தங்க ஒரு மூலை விடுவார்கள். அதை யாரும் பெருக்கவோ கவனிக்கவோ கூடாது.

நான்தான் பெருக்கினேன் என்று சொல்லிவிட்டேன். இவர்கள் சபை மூப்பர் வந்து பார்த்தார். "மூலை போனா போகட்டும். ஒரு ஆளு மூலையா இருக்கட்டும்" என்றார். கலைவு தங்கும் மூலை இனி நான்தான். இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுக்கு வேளை கிடையாது. உன் அத்தான்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். நேற்று மாமியார் என் காதுபட அவரிடம் சொன்னார்: "இவ தாங்க மாட்டா. பிள்ளை பிறந்ததும் மூலை இடத்தை அதுக்கு மாத்திடலாம். சின்னதுலேருந்து பழகினா ஆயுசுக்கும் தாங்கும்."

நீ இந்தப் பக்கம் வராதே.

அக்கா

ஜூன் 16

அக்கா,

இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி மறந்து, ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன். முதலாளியம்மா திட்டியது காதில் ஏறவில்லை.

உண்மையை எழுதி மூப்பருக்கே தபாலில் போட்டுவிட்டேன். பெருக்கியவள்தான் மூலையாக வேண்டும் என்றால் நான் இருக்கிறேன் என்றும் எழுதினேன். கோபப்படாதே.

சுண்டு

ஜூன் 22

அடி பாவி, என்ன காரியம் செய்தாய்!

உன் கடிதத்தை மூப்பர் கூடத்தில் எல்லோர் முன்னாலும் படித்தார். மாமியார் உடனே தட்டு வைத்து, "சாப்பிடும்மா" என்றார். இரண்டு வாரம் கழித்து என்னிடம் சொல்லப்பட்ட முதல் வார்த்தை. நான் சாப்பிட்டேன், சுண்டு. வேண்டாம் என்று தட்டைத் தள்ளியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டேன்.

உன்னை அழைத்துவர அத்தானும் இரண்டு பேரும் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இது வந்து சேர்ந்தால், எங்கேயாவது ஓடிவிடு.

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் காலையில் வந்தது, அவர்கள் மத்தியானம் வந்தார்கள். கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னொரு டீ போடட்டுமா?" என்று முதலாளியம்மா உபசரிப்பது கேட்கிறது. பின்கதவு திறந்துதான் இருக்கிறது. காலையிலேயே போயிருக்கலாம். நான் ஓடினால் இடம் பிள்ளைக்குப் போய்விடும்.

அங்கே வந்தபின் நீயும் என்னோடு பேசக் கூடாது. அதனால் இதை எழுதி அத்தான் பையில் போட்டுவிடுகிறேன். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தானே பள்ளிக்கூடத்தை விட்டேன்? யாரும் கூப்பிடாத வீடு எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

ஒன்று மட்டும். பிள்ளை வளர்ந்து, யாரது என்று என்னைக் காட்டிக் கேட்டால், சித்தி என்று சொல்லிவிடாதே. சித்தி என்றால் ஓடி வந்து மடியில் ஏறும்.

உன் தங்கை