ஜன்னலோர நாற்காலி

என் அன்புள்ள வாலுப் பிள்ளைக்கு அப்பா எழுதுவது,

நான் நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், சட்டையை நானே தேய்த்துக்கொள்கிறேன், முகம் கழுவப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன், அவ்வளவுதான். நீ நலமா, இருமல் விட்டதா. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும், பதினோரு நாள் ஆகிவிட்டது. அம்மா போனதிலிருந்து எனக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தை நான்கு நாள் வந்து இருந்தாள். நாற்பத்தொரு வயதில் இவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், யாரைப் பற்றியோ பேசுகிறாள் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் துவைத்த புண்ணியத்தில் என் பனியன்கள் எல்லாம் நீலம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா போய் ஐந்தாவது வாரம் எங்கள் தொழிற்சாலையில் பயிற்சி அட்டவணை ஒட்டினார்கள். வியாழன் மூன்று முதல் ஐந்து வரை, இயந்திரங்களை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி பற்றி, சொல்லித்தருபவர் நான், கற்றுக்கொள்பவர் உன் அம்மா. கம்ப்யூட்டரிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்கு வருடத்துக்கு முன் தொழிலாளர்கள் சார்பில் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசிய ஐந்து பேரில் உன் அம்மா ஒருத்தி. மாதம் எட்டு மணி நேரம், வேலை நேரத்திலேயே, கம்பெனி தொழிலாளிக்குப் புதிதாக ஏதாவது சொல்லித்தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எழுதி வாங்கியது அவள்தான். மருந்து பாட்டிலை வெளிச்சப் பலகைக்கு முன் தூக்கிப் பிடித்துத் தூசு பார்க்கிற வேலை அவளுக்கு. "பதினாறு வருஷமா பாட்டிலையே பாக்குறேன், அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் ஓடுதுன்னு ஒரு நாளாவது பாக்கணும்" என்பாள். நடந்ததா? ஒவ்வொரு வியாழனும் ஏதாவது ஒரு இயந்திரம் நிற்கும், நான் ஸ்பேனரோடு ஓடுவேன், அவள் பாட்டிலுக்குப் போவாள். மாதக் கடைசியில் பதிவேட்டை நீட்டுவார்கள், பயிற்சி நடந்தது என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். வீடு திரும்பும்போது வாத்தியார் சாருக்கு எப்போது மனசு வருமோ என்று கிண்டல் செய்வாள், அடுத்த மாதம் கட்டாயம் என்பேன். நான்கு வருடமும் அப்படியே போயிற்று.

அந்த வியாழன் மூன்று மணிக்குக் கால் தானாக அந்த அறைக்குப் போனது. நான்கு நாற்காலி, பழகிப் பார்க்க ஒரு பெட்டி, அதன் மேல் வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே. பிரித்தேன். சுவிட்சைப் போட்டதும் பச்சைப் பச்சையாக விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டில் வரும்போது சென்சாரில் ஒளி மறைகிறது, அந்தச் சேதி இந்தக் கம்பி வழியாக இங்கே வருகிறது, பெட்டி யோசிக்கிறது, மோட்டார் நிற்கிறது. அவள் குறுக்கே கேட்பாள் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன், இன்னொரு தடவை சொன்னேன், புரிந்துவிட்டது என்று தோன்றியதும் மேலே போனேன். நாற்காலியில் வெயில் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. திரும்பினால் வாசலில் கண்ணாடிப் பெரியம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் பாட்டில் பார்ப்பாளே, அவள்தான். லைன் நின்றுபோய் என்னைக் கூப்பிட வந்தவள் உள்ளே வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "சென்சார் வரைக்கும் புரிஞ்சுது தம்பி. அதுக்கப்புறம் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. அவ சட்டுனு பிடிச்சுக்குவா, நான் மந்தம்" என்றாள். ஐந்து மணிவரை சொன்னேன். அப்புறம் போய் லைனைச் சரிசெய்தேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இப்போது வியாழன்தோறும் மூன்று பேர் வருகிறார்கள், ஜன்னலோர நாற்காலியில் மட்டும் யாரும் உட்காருவதில்லை, உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவும் இல்லை. பதிவேட்டை வாங்கி என் பழைய கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வகுப்பு நடக்கவில்லை என்று எழுதிவிட்டேன். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள், அடுத்த ஒப்பந்தத்தில் இதைக் காட்டிக் கேட்பார்களே என்றார் மேனேஜர். அதற்காகத்தான் என்றேன். விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வரும் போலிருக்கிறது, வரட்டும்.

உன்னுடைய பயிற்சி ஒப்பந்தத்தில் இரண்டு வருடம், நான்கு பிரிவிலும் சொல்லித்தருவோம் என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அம்மா உன்னை மூன்று தடவை படிக்க வைத்தாள், ஞாபகம் இருக்கிறதா. அந்த இரண்டு வருடத்தையும் விடாமல் வாங்கிக்கொள். சொல்லித்தராமல் காகிதம் தூக்க வைத்தால் மரியாதையாகக் கேள். நடக்காத வகுப்புக்குக் கையெழுத்துப் போடாதே, உன் அப்பாவைப் போல ஒரு வாத்தியார் சிரித்த முகத்தோடு பதிவேட்டை நீட்டினாலும் போடாதே. என்னைப் பார்த்துக்கொள்ள நீ வர வேண்டாம், நீல பனியனோடு நான் சமாளிப்பேன். லீவில் வா, ஒரு வியாழனும் சேர்ந்து வருகிற மாதிரி வா. நீ படிக்கிற அந்த இயந்திரக் கை எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. நீ எனக்குச் சொல்லித்தர அந்தப் பெட்டிக்கு முன்னால் நில். ஜன்னலோர நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

எடுத்ததை முடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று உன் அம்மா சார்பாகவும் ஆசீர்வதிக்கிறேன். இருமல் மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடி.

இப்படிக்கு,
உன் அப்பா