ஆவி சாயும் பக்கம்

அன்பு மகள் சிஹோவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று தொலைபேசியில் சொன்னாய், அதை நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் துறைமுகக் கடைக்குப் போனேன், டோக்கியோவிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகைக் கட்டை அப்போதுதான் பிரித்தார்கள், நீ உதவியாளராக வரையும் பழைய எடோ காலத்துச் சமையல்காரி ஒடாகியின் சித்திரக்கதையை நின்றபடியே புரட்டினேன். மக வரையிற கதையைக்கூட ஓசியிலயே படிக்கிறீங்களே அக்கா என்று கடைக்கார ஹமாசாகி சிரித்தார், காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

முகங்களை ஓவிய ஆசிரியர் வரைகிறார், பாத்திரமும் சோறும் அதன் ஆவியும் என் கை என்று நீதான் சொன்னாய். எனக்கு அது சொல்லாமலே தெரியும், நீ வரையும் ஆவி நேராக எழாது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து பிறகுதான் மேலே போகும், நம் அடுப்பங்கரை ஜன்னலில் கடற்காற்று அடிப்பதால் சின்ன வயதிலிருந்து நீ பார்த்த ஆவி அப்படித்தான். கதையில் வரும் ஜன்னலே இல்லாத கோட்டைச் சமையற்கட்டிலும் நீ அதைச் சாய்த்து வைத்ததைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒடாகியின் பானையில் ஆவி குச்சி போல நேராக நிற்கிறது. அது உன் கை இல்லை.

அப்பாவிடம் சொன்னால், ஆவியில என்னடி கையெழுத்து, டிவியில பாரு, நிஜ ஆவியே வருது என்கிறார். ஒடாகி கதையை டிவி நாடகமாக எடுத்திருக்கிறார்களே, செவ்வாய்தோறும் அது தொடங்கும்போது பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எம் பொண்ணு கதை என்று பெருமைப்படுகிறார், உனக்கு வேலை போய்விட்டதோ, கைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை. முன்பு நீ பேசும்போது பின்னால் வானொலி பாடும், யாராவது சிரிப்பார்கள், இப்போது ஒரு சத்தமும் இல்லை, வேலை ஜாஸ்திம்மா என்று அவசரமாக வைத்துவிடுகிறாய். வேலை போனால் போகட்டும், அதற்காக எங்களிடம் ஒளியாதே.

துறைமுகக் கோயிலில் உனக்காக இரண்டு முறை கை தட்டிக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன், நீ நன்றாக இருப்பாய். வேளைக்குச் சாப்பிடு, விரல்களைக் குளிரில் விடாதே. இன்னொன்று, அப்பா உட்பட யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமைக் கப்பலில் நான் புறப்படுகிறேன். உலர்ந்த பறக்கும் மீனும் நம் தீவின் ஊடோன் நூடுல்ஸும் கொண்டு வருவேன். அறையைக் கூட்டிவைக்காதே, எதையும் விளக்கவும் வேண்டாம், கதவை மட்டும் திற, முதலில் பானையை அடுப்பில் ஏற்றுவோம்.

உன் அம்மா,
யுகாரி