பேரீச்சம்பழம் தடவிய விரல்

குருவிட்ட
08.07.2025

அப்ஹமின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதி, என் கூடப்பிறந்த நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று டொக்டர் மகனின் வாயில் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேலண்ணத்தில், நல்லா உள்ளே தள்ளி, ஒரு பிளவாம். உதடு அழகாக இருந்ததால் ஐந்து மாதமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு வயதளவில் ஆபரேஷன் செய்தால் சுகமாகிவிடுமாம். பால் மூக்கால் வந்ததும் அதனால்தான்! "படுத்துக்கிட்டே குடுக்கிற, அதுதான் மூக்கால வருது" என்று எத்தனை தரம் ஏசினீங்க? அதைக் கேட்க முடியாமல்தானே உம்மா வீட்டுக்கு வந்தேன். இப்போது என்ன சொல்லப்போறீங்க?

சந்தோஷமும் ஒன்று இருக்கிறது. டொக்டர் சொன்ன, அமுக்கினால் பால் வரும் மெத்தென்ற போத்தலில், நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுப் பெரிய முதலாளி மாதிரி ஏப்பம் விட்டார்!

கோபம் தீராத,
பஸ்னா

கலவான
11.07.2025

அன்பு பஸ்னா,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் கடையிலேயே படித்து, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் அழுதுவிட்டேன்.

மகன் பிறந்த அன்று நம் வழக்கப்படி பேரீச்சம்பழத்தை மென்று அவர் அண்ணத்தில் தடவியது நான்தானே? அப்போதே விரல் ஒரு குழியில் பட்டது. உச்சி மெத்தென்று இருப்பதுபோல எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். பிறகு பால் மூக்கால் வந்ததும் பயந்துவிட்டேன். என் விரல் பட்டுத்தான் கிழிந்ததோ என்று பயம். அதை மறைக்கப் பழியை உன்மேல் போட்டேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு. மகன் எவ்வளவு குடிக்கிறார் என்று மட்டும் எழுது.

குற்றவாளி,
மஷூர்

குருவிட்ட
23.07.2025

அப்ஹமின் வாப்பாவுக்கு,

ஸலாம். பத்து நாளாக மனதுக்குள்ளேயே உங்களோடு சண்டை பிடித்தேன். நேற்று கிளினிக்கில் கேட்டேன்: "டொக்டர், விரல் பட்டு அண்ணம் கிழியுமா?"

"இல்லம்மா. வயித்துல இருக்கும்போதே வந்தது. யார்மேலயும் பிழையில்ல" என்று சிரித்தார்.

உங்கள்மேலும் இல்லை, என்மேலும் இல்லை! பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி நானும் அழுதேன். நான் பால் கொடுத்த விதம்தான் பிழையோ என்று எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. ஆளுக்கொரு பயத்தை ஒளித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இரண்டு பைத்தியங்கள்!

மகன் முந்நூற்றைம்பது கிராம் கூடியிருக்கிறார். சிரித்தால் கன்னம் கண்ணை மூடுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எங்களைக் கூட்டிப்போக வாங்க. பேரீச்சம்பழம் கொண்டுவாங்க, அது எனக்கு. ஆபரேஷன் முடிந்து, டொக்டர் சரி என்ற பிறகு மகனுக்கு நீங்களே இன்னொரு தரம் தடவணும். விரலில் என்ன பட்டாலும் முதலில் எனக்குச் சொல்லணும்.

உங்கள்,
பஸ்னா