வெள்ளிக் கட்டியும் டாக்டரின் காரும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது, அதை நான் கண்டுகொள்வதில்லை. உன் தம்பியும் நலம். பல் டாக்டரின் காரும் இப்போது நலம், அது எப்படி நம் வீட்டு நலச் செய்தியில் வந்து சேர்ந்தது என்று புருவத்தை உயர்த்துவாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி அனுப்பிய படம் வந்தது, என் கையில் ஆறு விரல் போட்டிருக்கிறாள், அதிகம் வேலை செய்கிற கை என்று எடுத்துக்கொண்டேன், ஆனாலும் அடுத்த தடவை எண்ணிப் பார்த்து வரையச் சொல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுநடுவே பேசுவாய். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா வங்கியில் போட்டு வைத்திருந்த பணம் முதிர்ந்து கைக்கு வந்தபோது என்ன செய்யலாம் என்று உன்னைக் கேட்டேன். வெள்ளி வாங்கிப் போடும்மா, பேசாம கிடக்கும், ஏறிக்கிட்டே இருக்கும் என்றாய். அதே வாரம் உன் தம்பி, நம் தெருப் பல் டாக்டர் வீட்டு வாசலில் ஓடாமல் கிடக்கிற காரை மலிவாக வாங்கிச் சரிசெய்து விற்றுவிடலாம் என்று ஒரு யோசனையோடு வந்தான். அதை உன்னிடம் சொன்னதும் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அவன் கையில ஒரு காசு குடுக்காதம்மா, அவன் தொட்டது எது உருப்பட்டிருக்கு என்றாய். காது மந்தமாகிவிட்டதால் நான் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பதும் தெரியாது. அவன் எழுந்து தட்டைக் கழுவினான், என் தட்டையும் எடுத்துக் கழுவினான், உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்துதான் நீ கூப்பிடும்போதெல்லாம் அவன் குளிக்கிறான், குளிக்கிறான் என்று நான் சொல்லி வருவது. இவ்வளவு குளிக்கிறவன் உலகத்திலேயே இருக்க மாட்டான், நீயும் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கூட்டாளியோடு அவன் வைத்த செல்போன் கடை எப்படி மூடியது என்று எனக்கும் தெரியும், அதில் உன் பணமும் போனது தெரியும். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போன பம்ப் தொழிற்சாலையும் மூடிவிட்டது, அது அவன் மூடியதில்லை. ஆனால் நீ சொன்னது சொன்னதுதான், அவன் கேட்டது கேட்டதுதான். என் வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே போனுக்கு இரண்டு பக்கம் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதை நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சரி, வெள்ளிக்கு வருகிறேன், உன் பேச்சை நான் தட்டிவிடவில்லை. நல்ல உடையாக எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, துணைக்கு உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். வெள்ளிக் கடைக்காரர் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார், குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்தார், நீல வெல்வெட் துணியில் ஒரு கட்டியைக் கொண்டுவந்து பச்சைக் குழந்தையை வைப்பதுபோல என் முன்னால் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. இதை நான் இப்போது வாங்கிவிட்டுச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டேன். சாயங்காலமேவா, அப்படி யாரும்மா செய்வாங்க என்று சிரித்தார். நான் செய்வேன், சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது. அவர் சொன்ன விலையைக் கேட்டபின், உங்கள் வெல்வெட்டில் வைத்து எடுத்ததற்கே இவ்வளவு குறையுமா என்றேன். அதெல்லாம் செய்கூலி, வரி, உங்களுக்குச் சொன்னாப் புரியாதும்மா என்றார். கான்வென்டில் எனக்கு வாய்ப்பாடு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், புரியும்படி சொல்லுங்கள் என்றேன். பாவம், முழுவதும் சொன்னார். சொல்லி முடித்ததும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. வருஷக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் நீ சொன்னது சரியாகத்தான் வரும், அதை ஒத்துக்கொள்கிறேன். வாங்கிவிடலாம் என்று பாதி மனதோடு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உன் தம்பி அவ்வளவு நேரமும் என் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான், மருத்துவமனையில் நிற்கிறவன் மாதிரி.

திரும்பி வரும்போது டாக்டர் வீட்டு வாசலில் அவன் நின்றுவிட்டான். கார் அங்கேதான் கிடந்தது, மேலெல்லாம் சருகு, கண்ணாடியில் யாரோ விரலால் என்னைக் கழுவு என்று எழுதியிருந்தார்கள். ஒரு நிமிஷம்மா என்றவன், நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். எனக்கு அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. சட்டை போச்சே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அடியிலிருந்து பேச ஆரம்பித்தான். தண்ணி எங்கே ஒழுகியிருக்கு, சூடு ஏறி என்ஜின் எங்கே கெட்டிருக்கும், எது தப்பிச்சிருக்கும், எதைக் கழட்டணும், எதைத் தொடக்கூடாது என்று விடாமல் பேசினான். தொழிற்சாலை மூடியதிலிருந்து அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. நான் வெயிலில் நின்று ஒரு ஜோடி செருப்புக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

பேரம் நான்தான் பேசினேன். வண்டி எப்படிக் கெட்டது என்று டாக்டரைக் கேட்டேன். சூட்டைக் காட்டும் முள் கொஞ்ச நாளாகவே சிவப்பில் நின்றதாம், முள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஓட்டியிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். பல் வலி என்று வருகிறவர்களை, ஆரம்பத்திலேயே ஏன் வரவில்லை என்று அவர்கள் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் திட்டுவீர்களே டாக்டர், பதில்கூடச் சொல்ல முடியாமல் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உங்ககிட்ட வாதாட முடியாதும்மா, நீங்க சொல்றதே விலை என்றார். உன் தம்பி என் முதுகுக்குப் பின்னால் இருமினான், சிரிப்பை அடக்கத் தெரியாதவன் இருமத்தான் செய்வான்.

நாலு பேர் தள்ளிக் கொண்டுவந்து வண்டியை நம் முற்றத்தில் நிறுத்தினார்கள், துணி காயப்போடும் கொடியை நான் கொல்லைப்பக்கம் மாற்றிக்கொண்டேன். எனக்கும் ஒரு வேலை வேண்டுமே. அவன் கழற்றுகிற நட்டு போல்ட்டையெல்லாம் வாங்கி வரிசையாக வைப்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். துணி தேய்க்கிற மடக்கு மேஜையை வெளியே போட்டு, மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று கூட்டம் கூட்டமாக வைத்தேன். எங்கள் தையல் வகுப்பில் ஒரு ஊசி குறைந்தாலும் சிஸ்டர் யாரையும் வெளியே விடமாட்டார், அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகாது. ஒரு நாள் மேஜைக்கடியில் ஒரு நட்டு தரையில் கிடந்தது. இப்படித்தான் கண்ட இடத்தில் போடுவாயா என்று அவனுக்கு ஒரு பாட்டு விட்டு, துடைத்து எடுத்து என்ஜின் வரிசையோடு சேர்த்து வைத்தேன். இதை மறந்துவிடாதே, பின்னால் தேவைப்படும்.

என்ஜின் தலையை, அதாவது அதன் மேல்மூடியை, லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி, இடையில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைப் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது என் விரிப்பின்மேல் ஒரு நட்டு மிஞ்சியது. எல்லா வண்டியிலயும் ஒண்ணு மிஞ்சும்மா, அது வழக்கம் என்றான் உன் தம்பி. எந்த ஊர் வழக்கம் என்றேன். வண்டிதான் ஸ்டார்ட் ஆகுதே என்றான். டாக்டருக்கும் ஆனது, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனார், கழற்று என்றேன். அம்மா, தலையைக் கழட்டினா கேஸ்கெட் மறுபடி புதுசு வாங்கணும் என்றான். என் பென்ஷனிலிருந்து வாங்கு, கழற்று என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றான், ஆனால் கழற்றினான். முழுவதும் பிரித்து ஒவ்வொரு இடமாகத் தேடியும் அந்த நட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுபடி பூட்டினான், மறுபடி அதே நட்டு மிஞ்சியது, அவன் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன்.

முதல் ஆள் வண்டி பார்க்க வருகிற நாள், அவன் சட்டையைத் தேய்க்கலாம் என்று மடக்கு மேஜையை உள்ளே கொண்டுவந்து போட்டேன். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதும் மேஜை முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். காலில் போல்ட் இருக்கிறது, நட்டு இல்லை. மிஞ்சிய நட்டைக் கொண்டுவந்து வைத்தேன், தாய்வீட்டுக்கு வந்ததுபோல ஏறி உட்கார்ந்தது. இரண்டாம் தடவை பிரித்ததில் வேறு ஏதாவது குறையாவது அகப்பட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும், அதுவும் அகப்படவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் நியாயமாகப் பூட்டிய வேலையை நான் பிரிக்க வைத்திருக்கிறேன். அவனைக் கூப்பிட்டேன். மேஜைக் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, முடியாமல் தரையில் உட்கார்ந்து, அம்மா, காருக்கு இஸ்திரி மேஜை நட்டைத் தேடினோமாம்மா என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ட இடத்துல போடுவியான்னு என்னைத் திட்டினீங்களே என்று வேறு கேட்டான். உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. நானும் சிரித்தேன், கொஞ்சமாக.

விற்றது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தவர்கள் இளம் தம்பதி. இந்த வண்டியின் என்ஜின் ஒரு தடவை கொதித்துப் போனது, அதைப் பிரித்துச் சரிசெய்திருக்கிறோம் என்று வாசலிலேயே சொன்னேன், வாசலோடு போய்விட்டார்கள். அம்மா, நீங்க உள்ள போய் உட்காருங்க, நான் பாத்துக்கறேன் என்றான் உன் தம்பி. என் வீட்டு வாசலில் எதையும் மூடி மறைத்து விற்க விடமாட்டேன் என்றேன். அடுத்து வந்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், கட்டையான உடம்பு, தெருமுனைவரை கேட்கிற குரல். என்ஜினை எட்டிப் பார்த்துவிட்டு, இதை ரெண்டு தடவை பிரிச்சிருக்கீங்களே, ஏன் என்று கேட்டாள். உன் தம்பி என்னைப் பார்த்தான், நீங்களே சொல்லுங்கம்மா என்று. சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் டாக்டர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தார். இப்படிப் பிரிச்சுப் பாத்த வண்டியை நான் எங்கேயும் வாங்க முடியாதும்மா என்று சொல்லி, விலையில் அடித்துப் பேசித்தான் வாங்கினாள், சும்மா ஒன்றும் கொடுத்துவிடவில்லை. ஆனால் தன் ஸ்கூல் வண்டிகளையும் இவனே வந்து பார்த்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது காலையில் அவனை எழுப்ப வேண்டியதில்லை. சட்டையை மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

நீ போனில் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன், இதற்குள் வெள்ளி விலை நன்றாக ஏறியிருக்கிறது. காரில் கிடைத்த லாபம் அந்த ஏற்றத்தில் பாதிகூட இல்லை, இரண்டாவது கேஸ்கெட் வேறு அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. கணக்கில் நீ ஜெயித்தாய், எனக்கு வருத்தமில்லை. போட்ட பணம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, அதில் ஒரு பாதிக்கு உன் யோசனைப்படி வெள்ளியே வாங்கப்போகிறேன், கடைக்காரர் என்னைக் கண்டதும் பின்கதவால் ஓடாமல் இருந்தால். மறுபாதியை உன் தம்பி கேட்கவில்லை, நானே தனியாக வைத்திருக்கிறேன், பூக்கடைக்காரரின் வேன் ஒன்று ஓடாமல் நிற்கிறதாம்.

இப்போது நான் கேட்பது. உன் கார் திரும்பும்போது ஏதோ சத்தம் வருகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதை அவனிடம் சொன்னேன். இடப்பக்கம் திரும்பும்போதா வலப்பக்கம் திரும்பும்போதா, அக்கா அதோட வேகமா ஓட்டிடப் போறா என்று என்னை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடமாட்டேன். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன், அவன் குளிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. மன்னிப்பு, விளக்கம் என்று ஆரம்பித்து அவனைச் சங்கடப்படுத்தாதே, சத்தத்தைப் பற்றிக் கேள். அது முடிந்ததும் அந்த மிஞ்சின நட்டு என்னடா ஆச்சு என்று கேள். இந்தக் கடிதத்தில் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அம்மா ஒரு நட்டைப் பற்றி ஏதோ மழுப்பினாள் என்று சொல். அவன் சொல்லட்டும், என்னைவிட நன்றாகச் சொல்கிறான், மேஜை உட்காரும் இடத்தில் என்னைப் போலவே செய்து வேறு காட்டுகிறான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்துக்கொள்ள அனுமதி தருகிறேன். ஒரு தடவைதான்.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். சத்தம் எந்தப் பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டிப் பார்த்து வை, மெதுவாக ஓட்டு.

என்றும் உங்கள் இருவருக்குமான,
அம்மா