நான்கு டிரம் கம்பு மாவு

பிப்ரவரி 9
எங்கள் பரளச்சிக் காட்டில் இந்த வருசம் ஆறு மூட்டை கம்பு விளைந்தது. ஊரில் எல்லோரும் களத்திலேயே விற்றுவிட்டுப் புரோட்டா தின்கிறார்கள். ஊரடங்கு மாதிரி இன்னொன்று வந்தால் எதைத் தின்பார்கள் — செல்போனையா? ரேஷன் அரிசியில் இரண்டே மாதத்தில் வண்டு. காசில்லாமல் வருசம் முழுக்கச் சாப்பாடு என்றால் கம்புதான். இதைக்கூட யோசிக்கத் தெரியாத ஊரில் வந்து பிறந்தேனே.

பிப்ரவரி 11
கம்பை அப்படியே வைப்பதாம். என் பொண்டாட்டி நாகஜோதியின் யோசனை. "நல்லாக் காயவச்சு, வேப்பிலை போட்டுக் கட்டிட்டா அதுபாட்டுக்குக் கிடக்கும். வேணுங்குறப்ப திரிச்சுக்கலாம்." கரண்டே இல்லாமல் போனால் எந்த மில்லில் திரிப்பாள்? இப்போதே மாவாக்கி டிரம்மில் அடைத்து, டேப் சுற்றிவிட வேண்டும். பத்து வருசம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு இது உறைக்கவில்லை.

பிப்ரவரி 13
குட்டியானை வண்டியில் கம்பை ஏற்றிக்கொண்டு நாகஜோதி திருச்சுழி மாவு மில்லுக்குப் போனாள். மில்காரன் காசிராஜன் எனக்கே போன் போடுகிறான். "அண்ணே, கம்பு மாவு பத்து நாள் தாங்காது, கசந்துபோகும். வாராவாரம் திரிச்சுக்கிருங்க." வாராவாரம் போனால் யாருக்கு வருமானம்? நான் என்ன கேணையனா? "சொன்னதைச் செய்யி" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14
ஆறு மூட்டை மாவும் நான்கே டிரம்மில் அடங்கிவிட்டது. மாவாக்கினால் இடமும் மிச்சம் — இதையும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாகஜோதி வாயே திறக்கவில்லை. தோற்றவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

மார்ச் 2
திருச்சுழியிலிருந்து மாமியார் தங்கமாரி. டிரம்களைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு மாவையும் யாருக்கு மாப்பிள்ளை கிண்டப் போறீக?" என்று கேட்டார். அவரிடம் வாய் கொடுப்பதே தண்டம்.

ஏப்ரல் 20
டிரம் பத்திரம். டேப்பின் ஒரு முனைகூடப் பிரியவில்லை.

ஜூன் 3
அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்பின்னிங் மில்லை மூன்று மாதத்துக்கு மூடுகிறார்கள். சம்பளம் கிடையாது. மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஜூன் 4
டேப்பை அறுத்தேன். பழைய எண்ணெய்ச் சட்டி வாடை முகத்தில் அடித்தது. இருந்தாலும் கூழ் காய்ச்சச் சொன்னேன். ஆறு வயது மகள் காளீஸ்வரி ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டாள். நான் வைத்தேன் — கசப்பென்றால் கசப்பு, தொண்டை வரைக்கும். நாலு டிரம்மும் அப்படியே. நாலும்! ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. அடப்பாவி முத்துராஜு, ஒரு வருசச் சாப்பாட்ட உங்கையாலயே கெடுத்துட்டியேடா.

நாகஜோதி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 12
ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது. கடையில் கடன் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் நாகஜோதி சொன்னாள்: "எங்கம்மா வீட்டுல ரெண்டு மூட்டை கம்பு கிடக்கு. நம்மளதுதான். அன்னைக்கு மில்லுக்குப் போற வழியில இறக்கிட்டேன். போயி வாங்கிட்டு வாங்க." கத்தத்தான் எழுந்தேன். காளீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 13
திருச்சுழி. மாமியார் தண்ணீர் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினேன். மில் மூடியதைப் பற்றிப் பேசினேன். எதிரே சுவரோரம் இரண்டு மூட்டையும் இருந்தன. அவர் அசையவே இல்லை. நான் கிளம்புவது போல எழுந்ததும்தான் சொன்னார்.

"நானே தூக்கி விட்ருவேன் மாப்பிள்ளை. நீங்களா வாயத் தொறந்து கேட்டாத்தான் குடுக்கணும்னு எம்மக சொல்லியிருக்கா."

பொம்பளையா அவ! பிசாசு.

கேட்டேன்.