பறவைகள் கிளம்பும் இடம்

ஜனவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் நலம். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. எழுதினால் நாலு நிமிஷமாவது யோசிப்போம் என்றுதான் இந்தக் கடிதம். கப்பல் கச்சேரி எப்படிப் போகிறது? உங்கள் வயலினுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா?

அந்தப் பழைய கார்ட்டூன் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பேச்சே கிடையாது, சிம்பொனிக்கு ஏற்றபடி மேகமும் பறவையும் ஆடுமே, அதேதான். திட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் ஜுரத்தில் காது போன இந்த நாலு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லா வயலினும் சேர்ந்து எழும் இடத்தில் பறவைக் கூட்டம் கிளம்பும். சரியாக அந்த நொடியில் இவளும் சோபாவில் ஏறிக் கையைத் தூக்குகிறாள். "அப்பா வேலைக்குப் போய் இதைத்தான் பண்றாரா?" என்று சைகையில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்கள்
வீட்டுக்காரி

ஜனவரி 27

என் வீட்டு மகாராணிக்கு,

வயலின் நலம். வாசிக்கிறவனுக்குத்தான் வயிறு சரியில்லை.

அந்தப் படத்தைச் சொல்லி என்னைக் கிளறாதே. நூறு பேர் உயிரைக் கொடுத்து வாசித்ததற்கு எவனோ பொம்மை மாட்டிவிட்டிருக்கிறான். ஒருமுறை பார்த்தவனுக்கு ஜென்மத்துக்கும் அந்தப் பறவைதான் தெரியும், இசை கேட்காது. இன்னும் ஆறு வாரத்தில் ஆபரேஷன். காதுக்குள் கருவி வைத்த பிறகு அவள் முதலில் கேட்கிற இசை என் வயலினாக இருக்க வேண்டும். அதுவரை படத்தை ஒளித்து வை. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

உன்
கடலோடி

பிப்ரவரி 14

அன்புள்ள உங்களுக்கு,

ஒளித்து வைக்க மாட்டேன். மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன், வந்ததும் அவள் முகத்தில் பார்ப்பது அந்த ஒரு சந்தோஷத்தைத்தான். உங்களுக்கு வேண்டுமானால் அது பொம்மையாக இருக்கட்டும். அவளுக்குத் தெரிந்த இசை அதுதானே.

கோபம் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் கருவியை இயக்கிவைத்தார்கள். பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தாள். அங்கேயே அழுதுவிட்டேன். இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்ததும் அவளே படத்தைச் சத்தத்தோடு போடச் சொன்னாள். பறவைகள் கிளம்பின. அவள் எழுந்திருக்கவில்லை. "எல்லாரும் ஏன் கோவமா இருக்காங்க?" என்று கேட்டாள். பிறகு கருவியில் காதுக்கு வெளியே மாட்டியிருந்த பகுதியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மீதிப் படத்தைப் பார்த்தாள்.

டாக்டரிடம் கேட்டேன். பேச்சு பழகிவிடுமாம். இசை சிலருக்குப் பழகும், சிலருக்குக் கடைசிவரை இரைச்சலாகவேதான் இருக்குமாம். லீவில் வரும்போது எடுத்த எடுப்பில் வாசிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி

மே 20

என் வீட்டுக்காரிக்கு,

நீ அவ்வளவு சொல்லியும், லீவில் வந்தபோது, நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் வாசித்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, கப்பல் ஏறிய பிறகு எழுதுகிறேன்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர். கேட்டுவிட்டாள் என்று பூரித்துப்போய்ச் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் வாசித்தேன், மடையன். வில்லைக் கீழே வைத்த பிறகுதான் பார்த்தேன், நாற்காலியின் கையை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். இருபத்தாறு வருஷமாக யார் யாருக்கோ வாசிக்கிறேன். என் பெண்ணுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவளிடம் சொல்லிவிடு. அப்பா வாசிக்கும்போது காதுக் கருவியைக் கழற்றிவிடலாம், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன்
கடலோடி

ஜூன் 6

அன்புள்ள உங்களுக்கு,

சொன்னேன். அவள் சைகையில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேணாம்மா. நான் மாட்டிக்கிட்டாதான் அப்பா சிரிக்கிறாரு. நான் பொறுத்துக்குவேன்."

அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், நீங்களே எழுதுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி