செவப்பு அம்பு ஒட்டின புத்தகம்

ஆடி 3, ஞாயிறு

விடியறப்பவே காத்து. கொடியில கிடந்த வேட்டி பக்கத்துக் காம்பவுண்டுக்குப் பறந்து, போய் எடுத்து வந்தேன். டீ ரெண்டு. மாத்திரை ஒண்ணு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மைக்கை அமுக்கிப் பேசினா ஃபோனே எழுதிக்குது. இப்படி எழுதி வெக்கறது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்துவிட்ட புத்தக டப்பா நம்ம ஊட்டுல. முப்பது புத்தகம். ரெண்டாம் வகுப்புக்குப் பெத்தவங்க கமிட்டி பத்துதான் எடுக்குமாம், மிச்சம் வெள்ளிக்கிழமை வண்டியில திரும்பிப் போயிரும். ஊட்டுல வாசிச்சுப் பாத்து நல்லதைச் சொல்லுங்கன்னு டீச்சர் கேட்டிருக்காங்க. மருமக சுமதி, "நான் வாசிக்கிறேனுங்க, தரம் எங்க மாமா பார்ப்பாரு. ஒருக்கா கேட்டா அவருக்கு மறக்காதுங்க"ன்னு சொல்லிட்டா. டீச்சரும் சரின்னுட்டாங்க.

பள்ளிக்கூட வாசப்படி மிதிக்காதவன்கிட்ட புத்தகம் நல்லதா கெட்டதான்னு கேக்கறாங்க. காலையில இருந்து ரெண்டு பேர்கிட்டச் சொல்லியாச்சு. பால்காரர்கிட்ட ரெண்டு தடவை.

சுமதிக்கு இன்னிக்கு லீவு. எங்க வரிசை லைன் ஊட்டுக் குழந்தைங்க எட்டுப் பேரைக் கூட்டி உட்கார வெச்சு வாசிச்சா. கேட்டது:

சிங்க ராஜா. அட்டை பளபளன்னு இருக்குது. கடைசிப் பக்கம் முழுக்கப் புத்திமதி. அங்க வர்றதுக்குள்ள மூணு பேர் எந்திரிச்சுப் போயாச்சு.

பூச்சி புத்தகம். கதையே இல்லை. ஆனா எந்தப் பூச்சி கடிக்கும்னு அரை மணி நேரம் சண்டை. நல்ல புத்தகம்.

பல்லு விழுந்த பொண்ணு. சுமாரு. பல்லு விழுந்தவங்களுக்கு மட்டும் ரொம்பப் பிடிச்சுது.

குடம் புத்தகம். தண்ணி லாரிக்குக் குடமெல்லாம் வரிசையா நிக்குது. காத்து அடிச்சு எல்லாம் தெருவில உருளுது. இது மீதி நாளைக்கு.

ஆடி 4, திங்கள்

பொழுதோட சுமதி கம்பெனி விட்டு வந்ததும் குடம் புத்தகம் முழுசும். ஓடற குடம் டீக்கடைக்குள்ள போகுது. டீக்கடைக்காரர் ஸ்டூலுன்னு நெனச்சு அது மேல உட்கார்றாரு.

மூணாவது ஊட்டுப் பிங்கி சிரிச்சுது. பீகார்க்காரக் குழந்தை. அப்பன் அம்மா ரெண்டு பேரும் சாயப்பட்டறை டையிங்ல வேலை. பள்ளிக்கூடத்துல சேர்ந்து ஒரு வருசம் ஆச்சு, வாயே திறக்கறதில்லைன்னு டீச்சருக்கு வருத்தம். அது என் வேட்டியைப் பிடிச்சு, "ஃபிர் ஸே"ன்னுது. மறுபடியும்னு அர்த்தம். பனியன் கம்பெனி பேக்கிங்ல வடக்கத்திப் பசங்களோட இருந்ததுல அந்த அளவு ஹிந்தி எனக்குத் தெரியும்.

சுமதி திரும்ப வாசிச்சா. பக்கத்துப் பையன் சொன்னதைப் பாத்து, பிங்கியும் "இன்னொருக்கா"ன்னுது. தமிழு. நான் கேட்டேன், என் ரெண்டு காதால.

இந்தப் புத்தகம் அந்த வகுப்புக்குப் போயே ஆகணும்.

எப்படி அடையாளம் வெக்கறது? சுமதி கம்பெனியில துணி செக்கிங்ல இருக்கறா. அவ பையில செவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒண்ணு. குழந்தைங்க இன்னொருக்கா கேட்ட பக்கத்துல எல்லாம், பிங்கி பாக்கப் பாக்க, ஒண்ணு ஒட்டினேன். பூச்சிக்கு மூணு. குடத்துக்கு ஏழு. சிங்கத்துக்கு ஒண்ணும் இல்லை.

ஆடி 6, புதன்

முப்பதும் முடிஞ்சுது. டப்பாவைச் சுமதி ஸ்கூட்டர்ல வெச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டா. ஸ்டிக்கர் பத்தி ஏதாச்சும் சொன்னியான்னு கேட்டேன். "டீச்சர் மீட்டிங்ல இருந்தாங்க மாமா, வெச்சுட்டு ஓடி வந்துட்டேன். ஷிப்மென்ட் அவசரம்."

சரி. பாத்தாத் தெரியாதா.

ஆடி 7, வியாழன்

சாயங்காலம் பெத்தவங்க கமிட்டி பத்தை எடுத்துட்டாங்களாம். சுமதிக்கு ஃபோன் வந்துச்சு. சிங்க ராஜா பாஸ். பூச்சி இல்லை. குடமும் இல்லை.

சிங்க ராஜாவான்னு ரெண்டு தடவை கேட்டேன். டப்பாவைக் கொடுத்தப்ப புத்தகமெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்ச சுமதி, திடீர்னு தலையில கை வெச்சுட்டா. "மாமா, கமிட்டியில மூணு பேர் செக்கிங் பொம்பளைங்க. செவப்பு அம்பு ஒட்டினா அவங்களுக்கு அது என்னங்க?"

டேமேஜ். ஓட்டை, கறை, தையல் விட்டது. நாப்பது வருசம் பேக்கிங்ல இருந்தேன். அம்பு ஒட்டின பீஸ் ஒண்ணு என் டேபிளுக்கு வந்தா தூக்கி வீசியிருப்பேன். எனக்கே தோணலை.

ஆடி 8, வெள்ளி

ஒன்பது மணிக்கே பள்ளிக்கூடத்துல நின்னேன். புத்தக வண்டி இன்னும் வரலை. டப்பா டேப் ஒட்டித் தயாரா இருந்துச்சு. டீச்சரும் கமிட்டி கவிதாவும் இருந்தாங்க, இன்னும் ரெண்டு அம்மாங்க.

"ஏனுங்க அம்மணி, அந்தக் குடம் புத்தகம் ஏன் தள்ளுனீங்க?"

"ஏழு ஸ்டிக்கருங்க அப்பாரு. ஏழு டேமேஜோட எப்படிங்க பாஸ் பண்றது?" கவிதா.

"டேமேஜ் என்னன்னு பாத்தீங்களா?"

"பாத்தமுங்க. கிழியலை, கறை இல்லை. எங்க கண்ணுக்குத் தெரியாத டேமேஜாட்ட இருக்குதுன்னு விட்டுட்டோம்."

விவரத்தைச் சொன்னேன். சிரிச்சாங்க. ஆனா கவிதா விடலை. "கையெழுத்து ஆயிப்போச்சுங்களே. பத்தும் நல்ல பீசு. அதுல ஒண்ணை எடுக்கணும்னா, இது அதை விட நல்லதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

நியாயமான கேள்வி. டப்பாவைப் பிரிக்க வேண்டாம், நான் சொல்றேன்னேன். நின்னவாக்குல சொன்னேன். முதல் பக்கம், பச்சைக் குடம், நீலக் குடம், மூடி இல்லாத குடம். இப்பத் திருப்பறேன். ரெண்டாம் பக்கம், காத்து. ஒரு வார்த்தை விடலை. டீச்சர் கையில மாதிரிப் பிரதி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் வண்டியில திரும்பணுமாம், அதுல விரல் வெச்சுப் பாத்துட்டே வந்தாங்க. "எழுத்து மாறலைங்க"ன்னு கவிதாகிட்டச் சொன்னாங்க.

டீக்கடைப் பக்கம் வந்தப்ப அம்மாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம், "குடம் ஓடுது, எப்படி ஓடுது?"ன்னு நிறுத்தினேன். அந்த எடத்துல நிறுத்தணும். புத்தகத்துலயும் அங்கதான் பக்கம் முடியும்.

"கடகடகடகட."

ஜன்னல் பக்கம் இருந்து. ரெண்டாம் வகுப்பு வரிசை தண்ணி குடிக்க வந்திருக்குது. பிங்கி கம்பியைப் பிடிச்சுட்டு நிக்குது.

டீச்சர் புத்தகத்தை மூடிட்டாங்க. "பிங்கியா?"ன்னாங்க, அவ்வளவுதான். கவிதா கத்திரிக்கோல் எடுத்து டப்பா டேப்பை வெட்டினா.

சிங்க ராஜா டப்பாவுக்குள்ள போனாரு. குடம் வெளிய வந்துச்சு. பூச்சிக்கு எடம் கிடைக்கலை, அதுல எனக்குக் குறைதான்.

பரிந்துரை செஞ்சவர்னு லிஸ்டுல ஒரு கட்டம் இருந்துச்சாம். டீச்சர் என் பேரை எழுதிட்டுப் பேனாவை நீட்டினாங்க. அப்புறம் எனக்கு எழுத வராதுன்னு ஞாபகம் வந்து, மை டப்பா கொண்டு வந்தாங்க. ரேசன் கடையில, பேங்குல, கைநாட்டுன்னா தலையைக் குனிஞ்சுதான் வெப்பேன். இன்னிக்கு நல்லா அழுத்தி வெச்சேன். ரேகை தெளிவா விழுந்துச்சான்னு கவிதாகிட்டக் கேட்டேன். "ஃபர்ஸ்ட் குவாலிட்டிங்க அப்பாரு."

ஆடி 11, திங்கள்

காத்து குறையலை. வகுப்புல முதல் வாசிப்பு, வரச் சொன்னாங்க, சலவைச் சட்டை போட்டுப் போனேன். டீச்சர் வாசிச்சாங்க. கடகடகட மட்டும் பிங்கி. மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் சொல்லுச்சு.

கிளம்பறப்ப பிங்கி என் பையில இருந்த அம்பு ரோல்ல இருந்து ஒண்ணைப் பிச்சு, என் சட்டையில ஒட்டிட்டு உள்ள ஓடிருச்சு.

ஊட்டுக்கு வந்தா சுமதி மேலயும் கீழயும் பாத்தா. "மாமா, உங்களை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாட்ட இருக்குது."

அம்பை நான் பிரிக்கலை. அப்படியே கடைக்குப் போய் வெத்தலை வாங்கிட்டு, சுத்து வழியா வந்தேன்.